ஒப்பாரியை மொழிபெயர்த்த நாள்

போன மாதம் கண்டி நீதிமன்றத்திலிருந்து ரிஸ்னா தொலைபேசியில் கூப்பிட்டாள். கட்டுகஸ்தோட்டைப் பிள்ளை. நான் ஓய்வு பெற்ற பிறகு என் கதிரைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர்.

"சேர், ஒரு பாட்டுக் கேஸ் வந்திருக்கு. இவர்ட மெட்ட அவர் எடுத்துட்டாராம். மெட்டுக்கும் ராகத்துக்கும் நீங்க சிங்களத்துல என்ன சொன்னீங்க?"

"மெட்டுக்குத் தனுவ எண்டு சொல்லுங்க மகள். ராகத்த ராகமெண்டே சொல்லலாம். ஆனா சங்கீத ராகமெண்டு சேத்துச் சொல்லணும். சிங்களத்துல வெறும் ராகமெண்டா முதல்ல ஆசைப்பாடு எண்டுதான் நெனப்பாங்க."

அவள் சிரித்தாள். இதெல்லாம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டாள். எந்தப் புத்தகத்திலும் இல்லை, பாக்கியம் என்ற ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மாவின் வழக்கில் கற்றுக்கொண்டது என்றேன். அது என்ன வழக்கு என்றாள். போனில் சொல்கிற விஷயமில்லை என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வழக்கு மனத்தை விட்டுப் போகவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

நான் அக்குறணைக்காரன். வாப்பாவுக்குப் புடவைக் கடை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சிங்களவர், பாதிப் பேர் எங்கள் முஸ்லிம் ஆட்கள், மலையிலிருந்து சம்பளத்தோடு இறங்கி வருகிற தோட்டத்து ஆட்கள் வேறு. எல்லாருடைய பேச்சும் சின்ன வயதிலேயே நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஆங்கிலம் பள்ளிக்கூடம் கொடுத்தது. மூன்று மொழியும் தெரிந்தவனுக்கு அரசாங்க வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்ல, பரீட்சை எழுதி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாகப் போய்ச் சேர்ந்தேன். கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான். வாப்பாவுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம்தான்.

எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் பரமலிங்கம், யாழ்ப்பாணத்தவர். நீதிமன்றத்தில் அந்தப் பதவிக்கே முதலியார் என்று பெயர், ஆகையால் எல்லாருக்கும் அவர் முதலியார்தான். வெள்ளைக் கோட்டுப் போட்டு, சாட்சிக்கூண்டுக்கு அரை எட்டுப் பின்னால் நிற்பார். சாட்சியின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு காதால் வாங்கி வாயால் கொடுப்பார். கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எதிரி "நான் வெட்டினேன்" என்றால், அவரும் அதே அமைதியோடு "நான் வெட்டினேன்" என்று ஆங்கிலத்தில் சொல்வார். வழக்கு முடிந்ததும் பின்பக்கத்துக் குழாயில் நிதானமாகக் கை கழுவுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

"தம்பி, சாட்சி 'நான்' எண்டால் நீரும் 'நான்' எண்டுதான் சொல்ல வேணும். 'அவர் இப்பிடிச் சொல்லுறார்' எண்ட கதையே இருக்கக் கூடாது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நீர் அவையளுக்கு வக்கீலுமில்லை, சொந்தக்காரனுமில்லை."

"அழுதா என்ன செய்யிறது முதலியார்?"

"அழுகையை மொழிபெயர்க்கத் தேவையில்லை. அதை எல்லாரும் காணுவினம்."

மனுஷன் சிரிக்கவே மாட்டார். ஆனால் நான் தவறு விட்டால் நீதிமன்றத்தில் வைத்து ஒரு சொல் சொன்னதில்லை. மாலையில் தேநீர் வாங்கிக் கொடுத்து, அந்த இடத்தில் இப்படிச் சொல்லியிருக்கலாம் என்பார். அந்தத் தேநீரைக் குடிக்க எனக்கு எப்போதும் பயம். அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போன பிறகு அந்த அரை எட்டுப் பின்னால் நின்றது நான்.

காணி வழக்கு, களவு, அடிதடி, மனைவி பிள்ளைகளுக்குத் தாபரிப்புப் பணம். முப்பது வருஷத்துக்கு மேல் இவைதான். பிறகு பாட்டு, புத்தகம் போன்ற புலமைச் சொத்துக்குப் புதுச் சட்டம் வந்தது. வந்து சில வருஷங்களில் நீதவான் நீதிமன்றத்துக்குப் பாக்கியம் ஒரு முறைப்பாட்டோடு வந்தார். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிய கொண்டை. அவருக்காகக் காசு வாங்காமல் ஆஜரானவர் குமுதினி என்ற இளம் சட்டத்தரணி.

எதிரியின் பெயர் செல்வராஜ். கண்டியில் ஒரு இசைக்குழு வைத்து, கல்யாண வீடுகளில் கீபோர்ட் வாசிக்கிற பையன். அதே தோட்டத்தில் பிறந்தவன்தான். அவன் வெளியிட்ட சீடியில் ஒரு ஆட்டப் பாட்டு. அந்த நாட்களில் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் நின்றால், போகிற வருகிற பஸ்ஸெல்லாம் அதைத்தான் போட்டன. கொழுந்துக் கூடையை இறக்கச் சொல்லி ஒருவன் ஒரு பெண்ணைக் கேலி பண்ணுகிற பாட்டு. என் பேரப்பிள்ளைகளே அதைப் பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்த மெட்டு, பாக்கியம் தன் மகளுடைய இழவில் வைத்த ஒப்பாரி. முறைப்பாடு அதுதான்.

முதல் நாளே சொற்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சட்டத்தில் படைத்தவருக்கு இரண்டு வகை உரிமை சொல்லியிருக்கிறது. ஒன்று வருமானம் சம்பந்தப்பட்டது. மற்றது, தன் படைப்பைச் சிதைத்துக் கேவலப்படுத்த வேண்டாம் என்று தடுக்கிற உரிமை. இந்த இரண்டாவதைத் தமிழ்க் கடதாசியில் ஒழுக்க உரிமை என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். குமுதினி அதை வாசித்து, உங்களுடைய ஒழுக்க உரிமை மீறப்பட்டதா என்று கேட்டார்.

பாக்கியத்தின் முகம் சிவந்துவிட்டது. "என் ஒழுக்கத்தப் பத்தி இங்க யாருங்க பேசுனது? ஊருல கேட்டுப் பாருங்க."

அதையும் அப்படியே சிங்களத்தில் சொன்னேன். நீதவான் பேனாவைக் கீழே வைத்து, அந்தச் சொல்லை விட்டுவிட்டு விஷயத்தைக் கேளுங்கள் என்றார். குறைவாகப் பேசுகிற சிங்களவர் அவர். கேள்வி வளைந்தால் பிடிக்காது.

குமுதினி விஷயத்தைக் கேட்டார். பாக்கியம் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எம் மக கலா. கண்டியில கார்மெண்டுக்குப் போனா. டெங்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் ஆசுபத்திரியில கெடந்தா. நான் மலையில நிக்கிறப்ப சேதி வந்துச்சு. அன்னைக்கு வச்ச ஒப்பாரிங்க அது. மறு வருசம் அவ தெவசத்துக்கு ஒக்காந்து அழ வாயெடுத்தேன். ரெண்டு வரிதான் பாடியிருப்பேன். லயத்து வீட்டுப் புள்ளைங்க எல்லாம் ஓடியாந்து ஆட ஆரம்பிச்சிருச்சுங்க. அதுகள குத்தம் சொல்ல முடியுங்களா? அதுகளுக்கு அது ஆட்டப் பாட்டு. எனக்குக் காசு வேணாமுங்க. எம் மவள நெனச்சு நான் அழணும். அத விட்டுருங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

என் மகளை நினைத்து நான் அழ வேண்டும் என்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, சிங்களத்தில் சொன்னேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

எதிரியின் சட்டத்தரணி லேசான ஆளில்லை. ஒப்பாரி என்பது நாட்டார் வழக்கு, அது பொதுச் சொத்து, அதற்குத் தனி ஆக்குநர் கிடையாது. அவருடைய வாதம் முழுவதும் இதுதான். எழுந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, ஒப்பாரி உங்களுக்குச் சொந்தமா?"

"ஒப்பாரி யாருக்குங்க சொந்தம்? எழவு வீட்டுல எல்லாரும் வைக்கிறதுதானே."

"நீங்களே இட்டுக்கட்டியது என்று சொல்கிறீர்களா?"

"நான் என்னாத்தங்க கட்டுறது. அது வாயில வாறது. பெரியவங்க குடுத்தது."

குமுதினி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு விளங்கியது. கொஞ்சம் தணித்துச் சொல்ல முடியாதா என்ற பார்வை. தோட்டத்தில் எந்தப் பாட்டுக்காரரும் தான் கட்டியது என்று சொல்லமாட்டார். சொன்னால் அகங்காரம். காமன் கூத்து வாத்தியாரைக் கேட்டாலும் பெரியவர்கள் கொடுத்தது என்றுதான் சொல்வார். இது அந்த மக்களோடு பழகிய எனக்குத் தெரியும், நீதவானுக்குத் தெரியாது. இருந்தாலும் அதைச் சொல்வது என் வேலையில்லை. அவர் சொன்னதை, சொன்னபடி, ஒரு சொல் குறையாமல் கொடுத்தேன். எதிரியின் சட்டத்தரணி நன்றி என்று சொல்லி உட்கார்ந்தார். அந்த நன்றி எனக்குக் கசந்தது.

அடுத்த விசாரணைத் தவணையில் கண்டியில் சங்கீதம் படிப்பித்த ஒரு ஆசிரியை சாட்சிக்கு வந்தார். ராகம் வேறு, மெட்டு வேறு என்று விளக்கியவர் அவர்தான். "ராகம் எல்லோருக்கும் பொது. மா எல்லா வீட்டிலும் இருக்கு. அந்த மாவில் சுடுகிற பலகாரத்தில்தான் ஆளுடைய கை தெரியும். அதுதான் மெட்டு." நான் ராகம் என்று சொன்னதும் பின்வரிசையில் இரண்டு பொலிஸ்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சங்கீத ராகம் என்று திருத்திச் சொன்ன பிறகுதான் அடங்கினார்கள். ஆனால் இரண்டு மெட்டும் ஒன்றுதானா என்று கேட்டபோது ஆசிரியை கையை விரித்தார். சீடியைக் கேட்டிருக்கிறார். அம்மா பாடியதைக் கேட்டதில்லை. அதைப் பதிவு செய்தவரும் யாருமில்லை.

நீதவான் சீடியைப் போடச் சொன்னார். கோர்ட்டுப் பொலிஸ் சார்ஜன் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மேளமும் கீபோர்டும் அந்தப் பழைய மண்டபத்தில் அதிர்ந்தன. யாரோ காலால் தாளம் போட்டார்கள். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பாட்டு முடிந்ததும், சாட்சி இப்போது தன்னுடையதைப் பாடட்டும் என்றார் நீதவான்.

"இங்க பாடமாட்டேனுங்க."

"பாடாவிட்டால் வழக்கு நிற்காது என்று சொல்லுங்கள்."

சொன்னேன். அவர் நீதவானை நேரே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எழவு விழுந்த எடத்துலதாங்க ஒப்பாரி வைக்கலாம். சும்மா இருக்குற கூரைக்குக் கீழ வச்சா, அந்தக் கூரைக்கு எழவு வந்துரும். ஐயா நல்லா இருக்கணும். ஐயாவுக்கும் புள்ளகுட்டி இருக்கும்."

உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள் என்று ஒரு நீதவானைப் பார்த்துச் சொல்ல வேண்டி வந்தது அன்றைக்குத்தான். எதிரியின் சட்டத்தரணி எழுந்து, சாட்சி பாட மறுக்கிறார், ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் என்றார். சட்டப்படி அவர் கேட்டதில் பிழையில்லை. குமுதினிக்குக் கண் கலங்கிவிட்டது. இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நீதவான் என்னிடம் சொன்னார், "எங்கே பாடலாம் என்று கேளுங்கள்."

"மயானத்துலதாங்க. கலா பக்கத்துல."

காணி வழக்குகளில் நீதிமன்றம் நேரில் போய் எல்லையைப் பார்ப்பது உண்டு. அதே முறையில் இடப் பரிசோதனைக்கு உத்தரவிட்டார். ஒரு பாட்டுக்காக நீதிமன்றம் மயானத்துக்குப் போனதை நான் அதற்கு முன்னும் கேள்விப்பட்டதில்லை, பின்னும் கேள்விப்படவில்லை.

தோட்டத்துப் பாதையில் ஜீப் ஒரு இடத்துக்கு மேல் ஏறவில்லை. மிச்சத்தை நடந்தோம். நீதவான், இரண்டு சட்டத்தரணிகள், சுருக்கெழுத்தாளர், சார்ஜன், ஆசிரியை, செல்வராஜ், நான். காலை மழை விட்டிருந்தது. தேயிலைக்கு நடுவில் ஒரு சரிவு, அதில் மண் மேடுகள். சிலவற்றில் சிமெந்துக் கட்டு, சிலவற்றில் ஒரு செடி மட்டும். கலாவின் மேட்டில் ஒரு செவ்வரளி வைத்திருந்தார்கள்.

அங்கேயும் ஒரு சிக்கல். ஒப்பாரி தனியாக வைக்கிறதில்லை, கட்டிப்பிடித்து அழ ஆள் வேண்டும் என்று பாக்கியம் சொன்னார். லயத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். எதிரியின் சட்டத்தரணி ஆட்சேபித்தார். அவர்கள் சத்தியம் செய்த சாட்சிகளல்ல, அவர்கள் குரல் பதிவில் கலக்கக் கூடாது என்றார். நீதவான் யோசித்துக் கட்டளை சொன்னார். பிடிக்கலாம், வாய் திறக்கக் கூடாது.

அந்த இரண்டு பெண்களும் இரண்டு பக்கத்திலும் ஈரத் தரையில் உட்கார்ந்து பாக்கியத்தின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். நான் வழக்கம்போல அரை எட்டுப் பின்னால் நின்றேன். பார்ப்பதற்குத்தான் சுவர் இல்லை.

ஒப்பாரி எனக்குப் பழக்கமில்லாதது. எங்கள் மார்க்கத்தில் மௌத்து வீட்டில் குரலெடுத்து அழக் கூடாது. வாப்பா மௌத்தானபோது உம்மா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்படி வளர்ந்தவன் நான். தோட்டத்துப் பக்கம் ஒப்பாரி கேட்டால் உண்மையில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வரும்.

பாக்கியம் மண்ணில் கையை வைத்தார்.

"கொழுந்துக் கூட எறக்குமுன்னே – என் மகளே
கூவி வந்துச்சே ஒஞ் சேதி
மூணாம் நம்பர் மலை முழுக்க – என் மகளே
முட்டி நிக்குதே ஒம் பேரு"

இரண்டு வரி பாடி அவர் நிறுத்த, நான் சொல்ல வேண்டும், சுருக்கெழுத்தாளர் எழுத வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு. "மகே துவே" என்று ஆரம்பித்தேன். என் மகளே. கூடையை இறக்க முன்னர் உன் செய்தி வந்தது. மலை முழுவதும் உன் பெயர் நிற்கிறது. மெட்டில்லாமல், ஏற்ற இறக்கமில்லாமல், காணி எல்லை சொல்கிற குரலில் சொன்னேன். இரண்டு வரிக்கு ஒரு 'மகே துவே'. மூன்றாம் தடவை கண்ணைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னேன். பக்கத்துப் பெண்களின் உடம்பு குலுங்கியது, சத்தம் வரவில்லை. நீதிமன்றத்தின் கட்டளையை அந்த இரண்டு பேரைப்போல யாரும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் நீதவான் ஆசிரியையைக் கேட்டார். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மற்ற ஒப்பாரிகளில் மூன்றாவது அடி மேலே ஏறும். இவர் அந்த இடத்தில் கீழே இறங்குகிறார். சீடியிலும் அதே இடத்தில், அதே மாதிரி இறங்குது. வேறெங்கும் நான் கேட்டதில்லை."

ஏன் அங்கே இறங்குகிறீர்கள் என்று நீதவான் பாக்கியத்தைக் கேட்டார்.

"மேல போக மூச்சு இல்லீங்க."

சுருக்கெழுத்தாளர் எழுதினார். இவ்வளவு நாளும் ஊரெல்லாம் சந்தோஷமாக ஆடிய அந்த இடம், பெற்றவளுக்கு மூச்சு அற்ற இடம்.

"அந்தச் சாவுக்கு முன்னால் இந்த மெட்டை நீங்களோ வேறு யாரோ பாடியது உண்டா?" என்றார் நீதவான்.

பாக்கியம் விளங்காத மாதிரி நீதவானைப் பார்த்தார்.

"எப்பிடிங்க பாடியிருப்பாங்க? அதுக்கு முந்தி கலா சாகலியே."

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். எதிரியின் சட்டத்தரணி குறுக்கு விசாரணை வேண்டாம் என்றார். செல்வராஜ் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மேட்டுப் பக்கம் வந்தான். சட்டத்தரணி கையைப் பிடித்தும் நிற்கவில்லை. "அத்த, இழவுக்கு வந்தப்ப காதுல விழுந்தது. வீட்டுக்குப் போனப்புறமும் காதுலயே நின்னுச்சு. வாசிச்சிட்டேன். நீங்க இப்பிடி ஆவீங்கன்னு நெனைக்கல." அதையும் பதிவுக்காக மொழிபெயர்த்தேன். நினைக்கவில்லை என்று நானும் சொன்னேன்.

அடுத்த தவணையில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். நீதவான் எச்சரித்து விடுவித்தார். மிச்சமிருந்த சீடிகளை அழிக்கவும், கடைகளிலிருந்து திரும்பப் பெறவும், இனி எங்கும் வாசிக்காமல் இருக்கவும் கட்டளை. செல்வராஜ் ஒவ்வொரு கடையாகத் தானே போய் வாங்கிவந்ததாகக் கேள்விப்பட்டேன். நல்ல பிள்ளைதான் அவன். பஸ்களில் இன்னும் கொஞ்ச காலம் ஓடியது, பிறகு வேறு பாட்டு வந்தது. குமுதினிக்கு அது பெரிய வெற்றி. என் வேலைக்காலத்தில் நான் பெருமைப்பட்ட வழக்கும் அதுதான்.

ஓய்வு பெற்று இரண்டொரு வருஷம் கழித்து, கண்டி ஆசுபத்திரிக்கு முன்னால் பஸ் தரிப்பில் பாக்கியத்தைக் கண்டேன். கிளினிக்குக்கு வந்தவர், கையில் மருந்துப் பை. முதலில் என்னை அடையாளம் தெரியவில்லை. பேசியதும் குரலை வைத்துப் பிடித்துக்கொண்டார். சுகம் விசாரித்தோம். பாட்டு நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"நின்னுருச்சுங்க. புள்ளைங்களுக்கும் மறந்து போச்சு."

"அப்ப இப்ப தெவசத்துக்குப் பாடலாம்தானே. யாரும் ஆடமாட்டாங்க."

அவர் மருந்துப் பையின் வாயைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"பாடுறதில்லீங்க ஐயா. வாயெடுப்பேன். 'என் மகளே'ன்னு சொன்னவொடனே, பக்கத்துல நின்னு நீங்க சிங்களத்துல சொன்னீங்களே, அது காதுல கேக்குது. அப்புறம் வர மாட்டேங்குது. அன்னைக்கு உங்க எல்லாருக்கும் முன்னால பாடுனதுதான் கடைசி."

நான் என்ன முகத்தைக் காட்டினேனோ தெரியாது. அவர் பதறிப்போய் என் கையைத் தொட்டார்.

"ஐயாவ குத்தம் சொல்லலீங்க. நீங்க உங்க வேலைய சரியாத்தாங்க செஞ்சீங்க."

அவருடைய பஸ் வந்தது. பையை வாங்கிக்கொண்டு, ஏறுவதற்குக் கை கொடுத்தேன்.